ஜாக்கி தூக்கும், தாங்கிக்கொண்டே இருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹைட்ராலிக் லிஃப்ட் பற்றி யார் எழுதினாலும் பாஸ்கல் விதியைச் சொல்லி, சின்ன பிஸ்டனை லேசாக அழுத்தினால் பெரிய பிஸ்டன் காரையே தூக்கிவிடும் என்று முடித்துவிடுகிறார்கள். பட்டறை நடத்துகிறவன் என்பதால் மிச்சத்தை நான் சொல்கிறேன்.

சின்ன பிஸ்டனின் விட்டம் 2 செ.மீ., பெரியதற்கு 20 செ.மீ. என்று வையுங்கள். விட்டம் 10 மடங்குதான், பரப்பு 100 மடங்கு. ஆயில் அமுங்காது, வாங்கிய அழுத்தத்தை எல்லாப் பக்கமும் அப்படியே கடத்தும், அதனால் உராய்வைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 15 கிலோ பாரத்துக்கு 1,500 கிலோ கார் எழும்பும். சும்மா இல்லை. கார் 1 செ.மீ. உயர, சின்ன பிஸ்டன் மொத்தம் 100 செ.மீ. நகர வேண்டும், கைப்பிடியை அடித்துக்கொண்டே இருப்பது அதற்குத்தான். இந்தக் கணக்கில் ஆயிலின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோகூட வராது, லாரி டயர் காற்றைவிடக் குறைவு! வாட்டர் சர்வீஸில் கம்ப்ரசர் காற்றை வைத்தே ஒற்றைத் தூண் லிஃப்டை ஏற்றிவிடுவது இப்படித்தான். கையால் அடிக்கும் பாட்டில் ஜாக்கியில் பாரத்தைத் தூக்கும் தண்டு, அதாவது பெரிய பிஸ்டன், மெலிது என்பதால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும்.

அங்கேதான் சிக்கல், அழுத்தம் ஏறினால் ஆயில் ஒழுகப் பார்க்கும். பாஸ்கல் எழுதியது அவர் இறந்த பிறகு 1663-இல் அச்சானது, ஆனால் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அதே விதியில் ஓடும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் (அழுத்தும் இயந்திரம்) காப்புரிமை வாங்கியது 1795-இல். பிஸ்டன் ஓரமாக ஒழுகாமல் அடைப்பது அவருக்கும் பெரிய தலைவலி. அழுத்தம் ஏற ஏற இன்னும் இறுக்கிப் பிடிக்கும் தோல் சீல், அதாவது பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம், வந்த பிறகுதான் வேலை சுலபமானது, அதைச் செய்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்பார்கள். இன்று தோலுக்குப் பதில் ரப்பர், ஆனாலும் காரின் மொத்தப் பாரமும் அந்த வளையத்தையும் ஆயில் திரும்பிப் போகாமல் உள்ளே அடைத்து நிற்கும் ஒரு சின்ன வால்வு குண்டையும் நம்பித்தான் நிற்கிறது. சீல் தேய்ந்தாலோ குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துளி தூசு சிக்கினாலோ ஆயில் திரும்பிப் போகும், வண்டி இறங்கும், சில சமயம் சத்தமே இல்லாமல்.

அதனால் ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு இரும்பு ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகவே கூடாது. டிப்பர் தொட்டியைத் தூக்கிவிட்டு வேலை பார்த்தாலும் முட்டு கட்டாயம். இரட்டைத் தூண் லிஃப்ட் ஏறும்போது டக் டக் என்று கேட்குமே, அது பூட்டு விழும் சத்தம், வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கிப் பாரத்தை அந்தப் பூட்டில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். அடுத்த முறை உங்கள் அறிவியல் பக்கத்தில் பாஸ்கல் விதி வந்தால் இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்