கடற்படை தினக் கட்டுரையில் விடுபட்ட விமானிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படை தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். டிசம்பர் 4 என்றதும் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய ஏவுகணைப் படகுகளைச் சொல்வது முறைதான். அந்த நாள் கொண்டாடப்படுவதே அதற்காகத்தான். ஆனால் 1971-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரில், அதே நாள் காலையில் வங்கக் கடலில் இருந்த விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசத்தின்) காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கப் புறப்பட்டதும், அன்றே அடுத்ததாகச் சிட்டகாங் துறைமுகம் தாக்கப்பட்டதும் கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துவிட்டன. அந்த விமானங்களைக் கொண்ட 300-ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, உயரிய போர் வீர விருதான மகாவீர் சக்கரம் பெற்ற லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவின் பெயர்கூட வரவில்லை.

அந்த ஒற்றை வரியும் "துணிச்சலுடன் குண்டு வீசினர்" என்பதோடு நின்றுவிடுகிறது. குண்டு வீசியது பாதி வேலைதான் என்பது என் கருத்து. சீ ஹாக் ஒரே விமானி அமரும், ஒரே எஞ்சின் கொண்ட ஜெட். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் காத்திருக்கும் துறைமுகத்தின் மேல் தாழப் பறந்து, இறக்கையிலோ வாலிலோ துளை விழுந்த பிறகும், அதே எஞ்சினை நம்பிக் கடல்மேல் சுமார் 100 கிலோமீட்டர் கடந்து வந்து, அசைந்துகொண்டிருக்கும் கப்பலின் மேல்தளத்தில் இறங்கியாக வேண்டும். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளுள் ஒன்றை விமானத்தின் வால் கொக்கி பற்றவேண்டும். பற்றாமல் போனால் மீண்டும் மேலெழுவதற்காக, சக்கரம் தளத்தைத் தொடும் நொடியிலேயே விமானி எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவார். நிற்கவேண்டிய இடத்தில் வேகத்தைக் கூட்டுவது தரையில் இறங்கிப் பழகியவருக்கு எளிதில் கைவராது.

அதிலும் விக்ராந்த் அப்போது முழு நலத்துடன் இல்லை. அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால் கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. கப்பல் காற்றை எதிர்த்து எவ்வளவு விரைகிறதோ அவ்வளவுக்கு விமானம் ஏறுவதும் இறங்குவதும் எளிதாகும். காற்று ஓய்ந்த நாளில் மெதுவாக நகரும் கப்பலில் இறங்கும் விமானி, அந்தக் குறையைத் தம் திறமையால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்றே முதலில் தயக்கம் இருந்தது. அதைச் செலுத்திய கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. விக்ராந்தைச் சேர்ந்தவர்கள் பெற்ற வீர் சக்கரங்கள் 12. (கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் தமிழர் என்பதைக்கூடக் கட்டுரையாளர் சொல்லவில்லை. நம் இதழ்கள் இப்படிப்பட்ட வாய்ப்பைப் பொதுவாக விடுவதில்லையே!)

இன்னொன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். பதக்கம் பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது, கடற்படை விமானிகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவிட்டதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மேற்கே அரபிக் கடலில், டிசம்பர் 10 அன்று, கண்காணிப்புப் பணியில் இருந்த அலீஸே விமானம் ஒன்றைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. ஒலியைவிட விரைவாகப் பறக்கும் ஜெட்டிடம் அகப்பட்டது சுழல்விசிறியால் பறக்கும், வேகம் குறைந்த விமானம். அதில் இருந்த மூவரும் மாண்டனர்.

அடுத்த ஆண்டு இதே சிறப்பிதழில் விக்ராந்தின் பதக்க வீரர்கள் அனைவரின் பெயர்களையும், அவரவர் பறந்த விமானத்தோடு, ஒரு பக்கத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். அலீஸேயில் சென்ற அந்த மூவரின் பெயர்களும் அதே பக்கத்தில் இடம்பெறவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்