கட்டுப்பாடே வேண்டாம் என்கிற மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

போன கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் நீங்கள் சூடாகச் சொன்னீர்கள்: "என்ட காணி, என்ட உறுதி. நான் என்ன கட்டினால் மாநகர சபைக்கு என்ன?" அப்புறம், நகரத் திட்டமிடலே இடதுசாரிகளின் வேலை என்றும் சொன்னீர்கள்.

இரண்டாவதை முதலில் எடுப்போம். 1973இல் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு வைத்த சட்டம், கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்தது. அதனால் வாடகைக்கு இருந்த பலர் வீட்டுச் சொந்தக்காரரானார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையை 1978இல் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கியதோ, சந்தையைத் திறந்துவிட்ட ஜே.ஆர். ஜயவர்தன அரசு. கட்சி நிறத்தைப் பார்த்துச் சட்டத்தை எடைபோட முடியாது.

உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கரையில் வீடு கட்டக்கூடாத தூரம் தெற்கில் 100 மீற்றர், கிழக்கில் நமக்கு 200 மீற்றர். பிறகு அரசே அதைத் தளர்த்தியது. அதுவரை கரையோர நாவலடிச் சனம் அலைந்தது அலைந்ததுதான்.

காணியை ஆறு பேர்ச்சஸுக்குக் குறைவாகத் துண்டு போடக் கூடாது என்கிற விதியும் அப்படித்தான். 10 பேர்ச்சஸ் வளவு, இரண்டு பெண் பிள்ளைகள். சீதனமாக ஆளுக்கு ஒரு வீடு கொடுப்பது நம் வழக்கம். பிரித்தால் ஐந்தைந்துதான் வரும், துண்டு பிரிக்க அனுமதி கிடைக்காது. சனம் கட்டாமலா விடும்? அனுமதியில்லாமல் கட்டும், பிறகு வங்கிக் கடனுக்கு வழியில்லாமல் நிற்கும். விதி எழுதியவருக்குப் பெண் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற தாய் வளவு என்றால் என்னவென்று தெரியாது போல.

ஆனால் மண் நிரப்புகிற விசயம் வேறு. பக்கத்து வளவுக்காரர் பத்து லோட் கிரவல் கொட்டி இரண்டடி உயர்த்துகிறார், மதிலும் கட்டுகிறார். தண்ணி ஓடுகிற கான் இருந்த இடம் தெரியவில்லை. மாரி வந்தால் அந்தத் தண்ணி உங்கள் குசினிக்குள்தான் வரும். பெருவெள்ளத்தில், வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை வெட்டிவிட்டாலும், வாவிக்குப் போகிற வழி அடைபட்டால் தண்ணி எப்படி வடியும்? அவருக்கும் உறுதி இருக்கிறது, மருமகன். உங்கள் நியாயப்படி அவரை யார் தடுப்பது?

என் நிலைப்பாடு இதுதான்: தாய் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரிக்க விலக்குக் கொடுக்க வேண்டும். தண்ணி ஓடும் பாதையை நிரப்ப ஒருவருக்கும், ஹோட்டல்காரருக்கும் கோயிலுக்கும்கூட, விலக்கு கூடாது. இதில் எதை மறுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மாமா