நன்றியுரையில் நின்றுவிட்ட பெயர்

அன்புத் தோழிக்கு,

நலம், உன் நலமும், அண்ணனின் முழங்கால் வலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். நீ என்னென்ன சொல்லித் திட்டுவாய் என்பது எனக்குத் தெரியும். அத்தனைக்கும் நான் உரியவள்தான். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இத்தனை நாள் எழுதாமல் இருந்தவளை இன்று எழுத உட்கார வைத்தது வேறொன்று.

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் பதவி உயர்வுக்கான ஆய்வு மதிப்பெண்களைச் சரிபார்க்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் கட்டுரைகளுக்கும் மதிப்பெண் போட வேண்டும். தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) இல்லாத ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு 5, ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, இரண்டிலிருந்து ஐந்து வரை 20 என்று அது ஏறிக்கொண்டே போய், பத்தைத் தாண்டினால் 30இல் நிற்கிறது. கட்டுரையை இருவர் எழுதியிருந்தால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதலில் நிற்பவருக்கோ முதன்மைக் கட்டுரையாளருக்கோ 70, மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பார். இருவர் எழுதியது 140 விழுக்காடு, ஐவர் எழுதியது 190 விழுக்காடு. ஒரு படி அரிசியை ஐந்து பேருக்கு அளந்தால் கிட்டத்தட்ட இரண்டு படி ஆகிவிடுகிறது.

எங்கள் தாவரவியல் துறையில் ஒரு பெண் எட்டு ஆண்டுகளாகக் கொல்லிமலையில் ஏறி இறங்கிச் செடிகளைப் பதிவு செய்து, தனியாக எழுதி, தாக்கக் காரணி இல்லாத ஓர் இந்திய இதழில் வெளியிட்டிருக்கிறாள். அவளுக்கு 5. பக்கத்து அறைக்காரர் ஒருவரின் பெயர் வெளிநாட்டு இதழ் ஒன்றில் ஐந்தாவதாக நிற்கிறது. அந்தக் கட்டுரையில் அவர் என்ன செய்தார் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. இருபதில் 30 விழுக்காடு என்பதால் அவருக்கு 6. அந்த 5ஐயும் 6ஐயும் என் கையாலேயே எழுதிக் கையொப்பமும் இட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கு என்று வந்துவிட்டால் நான் விட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அன்று முதல் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் 1955இல் மேற்கோள் அட்டவணையைப் பற்றி எழுதியபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்திவந்த ஷெப்பர்டு தீர்ப்பு அட்டவணை. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கான கருவி அது. ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கே போனது என்று தேடத்தான் அவரும் அந்த வழியைக் கையாண்டார். தாக்கக் காரணிகூட எந்த இதழ்களை அந்த மேற்கோள் அட்டவணையில் சேர்ப்பது என்று முடிவெடுக்கத்தான் உருவானது: ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. இதழ்களைத் தேர்ந்தெடுக்க வந்த அந்தச் சராசரியை ஆளை நிறுக்கும் தராசாக மாற்றியது பின்னால் வந்தவர்கள்.

அந்தச் சராசரி எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். படிகவியலுக்கான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா இதழின் ஏ பிரிவுக்கான தாக்கக் காரணி 2008இல் 2.051. அடுத்த ஆண்டு 49.926. இதழ் மாறவில்லை. ஷெல்ட்ரிக் என்பவர் தாம் எழுதிய ஷெல்எக்ஸ் கணினி நிரல்களின் வரலாற்றை 2008இல் அதில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். படிக அமைப்பைக் கண்டறிய அந்த நிரல்களைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். நம் அட்டவணையின்படி பார்த்தால், அதே இதழில் வேறு எதையோ எழுதியவருக்கு ஓராண்டில் 20 என்பது 30 ஆகியிருக்கும். அவர் கட்டுரையை ஒருவருமே படிக்காமல் இருந்திருந்தாலும் ஆகியிருக்கும்.

பெயர்களின் கதை இதைவிடப் பெரியது. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளிவந்த கட்டுரையில் 5,154 பேர் கட்டுரையாளர்கள். மொத்தம் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டன. அவர்கள் பெயர்களை அகர வரிசையில் அடுக்குகிறார்கள். நம் அட்டவணையோ முதலில் நிற்பவருக்கு 70 கொடுக்கச் சொல்கிறது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன், அந்த ஒரே கட்டுரை 1,546 கட்டுரைகளுக்கு மேல் ஆகிறது. ஒரு கட்டுரைக்கு ஒரு பங்குதான், அதை எழுதியவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ் 1981லேயே சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சம பங்கு நியாயமில்லை என்று நினைப்பவர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போகும் முறையை வைத்திருக்கிறார்கள். நால்வர் என்றால் 48, 24, 16, 12 விழுக்காடு. கூட்டினால் நூறு தாண்டாது. எனக்கு இந்த முறைதான் மனத்துக்குப் பிடிக்கிறது. ஆனால் பெயர் வரிசை உழைப்பின் வரிசையாக இருந்தால்தான் இதற்கும் பொருள் உண்டு.

இதற்கு நடுவில் உனக்கொரு நல்ல செய்தி. எதை எடுத்தாலும் சீர்காழியில் கொண்டுவந்து முடிப்பாயே, இந்தத் துறையும் உன் ஊர் வழியாகத்தான் போகிறது. நூலகங்களையும் நூல்களையும் எண்ணிக்கையால் ஆராயும் ஒரு துறை வேண்டும் என்று 1948இலேயே இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் முன்மொழிந்தவர் உங்கள் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அல்லவா! இதைப் படித்துவிட்டு நீ பள்ளியில் யார் யாரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும், சொல்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் எழுத வந்தது.

குழுவில் எல்லோருடைய ஹெச்-இன்டெக்ஸையும் பார்க்க வேண்டியிருந்தது. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த எண் அது: குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்குப் பத்து இருந்தால் அவருடைய எண் பத்து. பிறருடையதைப் பார்த்த கையோடு என்னுடையதையும் பார்த்தேன். முதலில் நானே மூன்று ஆட்களாகக் கிடந்தேன். தலைப்பெழுத்தை முன்னால் போட்ட ஒருத்தி, பின்னால் போட்ட ஒருத்தி, அப்பா பெயரை விரித்து எழுதிய ஒருத்தி. மூன்றாமவளின் கட்டுரைகளையெல்லாம் உலகம் அப்பா பெயரில்தான் மேற்கோள் காட்டியிருக்கிறது. மூவரையும் சேர்த்த பிறகு என் பட்டியலின் உச்சியில், மற்றவை எட்ட முடியாத உயரத்தில் நின்றது நம் எம்.ஃபில். காலத்துக் கட்டுரை. 1994. இரண்டு பெயர்கள், நம் வழிகாட்டியான பெரியவரும் நானும். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு நன்றியுரை, அதில் "ஆய்வக உதவிக்காக" என்று நீ.

ஆறு மாதம் அந்தப் புரத அளவீடு முழுவதையும் செய்தவள் நீ. காரச் செம்புக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம், ஃபோலின் வினைபொருளை ஊற்றிய பிறகு அரை மணி நேரம். ஃபோலின் காரத்தில் நிலைக்காது, ஊற்றிய கணமே கலக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு குழாயையும் உள்ளங்கையில் சுழற்றிக்கொண்டே அடுத்ததற்குக் கை நீட்டுவாய். நீலம் ஏறிய குழாய்களை வரிசையாக நிறுத்தி, 660 நானோமீட்டர் ஒளியில் அளவைப் படித்து, உன் அணில் மார்க் குறிப்பேட்டில் எழுதுவாய். அந்தக் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தது. அதிலேயே ஒரு கட்டத்தில் பெரியவர் சொன்ன அளவு தவறு என்று கண்டுபிடித்து, மூன்று நாள் வேலையைத் திரும்பச் செய்ததும் நீதான். உன் அப்பா தவறிப்போனதும் நீ ஊருக்குப் போனாய். உன் எண்களை வைத்துக்கொண்டு நான் எழுதினேன். பெயரைப் பற்றிக் கேட்டபோது, "போய்விட்ட பெண்ணுக்கு எதற்கு?" என்றார் பெரியவர். நான் அதற்கு மேல் பேசவில்லை. அவரை எதிர்த்துப் பேச அஞ்சினேன் என்பது உண்மை. தனி இரண்டாம் பெயராக நிற்பதில் எனக்கும் ஆசை இருந்தது என்பதும் உண்மை.

நாம் செய்த அந்த முறைக்கே லவ்ரி முறை என்றுதானே பெயர்? 1951இல் வந்த அந்தக் கட்டுரைதான் உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் மேல். அதை எழுதியவர்கள் நால்வர்: லவ்ரி, ரோஸ்பரோ, ஃபார், ராண்டால். தடித்தடியான பழைய மேற்கோள் அட்டவணையில் முதல் பெயரை மட்டுமே அச்சிட்டார்கள். நாமும் குறிப்பேட்டில் "லவ்ரி மற்றும் பிறர்" என்றே எழுதிப் பழகினோம். அந்தப் பிறரின் பெயர்களை இந்த மாதம்தான் முதன்முதலாகப் படித்தேன். அவர்களுக்காவது நூலகத்தில் தேடினால் கிடைக்கும் பெயர் இருக்கிறது. நன்றியுரையை இந்த அட்டவணைகள் எண்ணுவதில்லை.

மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர் குழு வகுத்த விதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கட்டுரையாளர் என்று சொல்ல நான்கு தகுதிகள் வேண்டும் என்கிறார்கள்: ஆய்விலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பு. அதோடு விடவில்லை. முதல் தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் மற்றவற்றில் பங்கேற்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். உனக்கு முதல் தகுதி முழுமையாக இருந்தது. கையெழுத்துப் படியை ஒரு தபாலில் சீர்காழிக்கு அனுப்ப எனக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

பெரியவர் இன்று இல்லை. அந்த ஆய்விதழ் இருக்கிறது. கட்டுரையாளர் பட்டியலில் திருத்தம் கோரிப் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்; நடந்தது என்ன என்று மறைக்காமல் எழுதியிருக்கிறேன். உன் குறிப்பேடு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கங்களைப் படம் எடுத்து இணைக்கப்போகிறேன். அவர்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் கல்லூரிக்கு நான் கொடுக்கும் பட்டியலில் அந்தக் கட்டுரைக்கு எதிரே மூன்று பேர் என்று எழுதிவிட்டேன். தாவரவியல் பெண்ணின் விஷயத்திலும் எண்ணோடு விடாமல் அவளுடைய கட்டுரையைப் படித்து எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை வரும் திங்கட்கிழமை குழுவில் வைக்கிறேன்.

உன் சம்மதம் இல்லாமல் பதிப்பாசிரியருக்கான கடிதத்தை அனுப்ப மாட்டேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு எதற்கு என்று நீ நினைத்தால் அதையும் எழுது. சம்மதம் என்றால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: உன் பெயரை எப்படிப் போட வேண்டும்? தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, அப்போதிருந்த அப்பாவின் எழுத்தா, கல்யாணத்துக்குப் பின் வந்த அண்ணனின் எழுத்தா? எழுத்துப் பிசகாமல் உன் கையால் எழுதி அனுப்பு.

என்றும் உன்,
பதினான்காம் அறைத் தோழி