பெயர் ஒட்டாத டின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலும்பு மஜ்ஜை நோயாளிகளுக்கு உதவி கேட்கும் செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. குடும்ப நிலை, தேவைப்படும் பணம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். நோயாளி என்ன வேலை செய்தார் என்பது மட்டும் இருக்காது. நிருபர்கள் அதையும் கேட்டு எழுத வேண்டும்; வேலையில் புழங்கும் ரசாயனமும் மஜ்ஜையைக் கெடுக்கலாம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பட்டறை வேலைக்குத்தான் போனார்கள். என் தங்கை வீட்டுக்காரர் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் இருந்தார். பசையை இளக்கும் திரவத்தைப் பெரிய டிரம்மிலிருந்து காலிச் சாய டின்களில் ஊற்றி வைப்பார்கள். டின்னில் பெயர் இருக்காது. பிரஷ் கழுவ அதுதான். சாப்பாட்டுக்கு முன் கைப்பிசுக்கைப் போக்கவும் அதுதான்!

ஒருநாள் ஈறில் ரத்தம் கசிந்தது. அடிபடாமலே தொடையில் நீலம் பாரித்தது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவு என்றதும் டெங்கி என்று பார்த்தார்கள்; நம் ஊரில் வேறு என்ன தோன்றும்? நாளாகியும் எண்ணிக்கை ஏறவில்லை. அப்புறம் மஜ்ஜையை ஊசியில் எடுத்துப் பார்த்து அப்லாஸ்டிக் அனீமியா என்றார்கள்; மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உண்டாக்காத நோய் அது.

அந்த டின்னில் ரப்பரையும் பசையையும் கரைக்கும் பென்சீன் என்ற ரசாயனம் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பட்டறையை மூடிவிட்டார்கள். ஆனால் பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது பழைய சங்கதி. ரப்பரைப் பென்சீனில் கரைத்து மெல்லிய தாள் செய்த அமெரிக்காவின் ஒஹாயோ தொழிலாளர்களிடம் ரத்தப் புற்றுநோய் அதிகம் என்று 1977லேயே ஆய்வு வெளிவந்தது.

நம் நாட்டில் சட்டத்துக்கும் குறைவில்லை. பென்சீனால் வரும் நோய்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சட்டத்தில் வேலையால் வரும் நோய்களைப் பட்டியலிடும் ஐந்தாவது அட்டவணையில் இருக்கின்றன. அபாய ரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைப்படி தொழிலாளியின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சரி, நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? தொழில் பாதுகாப்பு அதிகாரிகள் பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் இந்தச் சந்துகளுக்கும் வர வேண்டும்.

பட்டறையில் இருக்கும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சொக்சோ பாரம் நிரப்ப உட்கார்ந்தபோது என் மச்சானிடம் இரண்டுமே இல்லை.

இங்ஙனம்,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்