நோ இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுங்கள்

ஆசிரியருக்கு,

என் 13 வயதுப் பேரன் மூன்று நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு எழும்பினான். வாய்வென்று உள்ளி அவித்துக் கொடுத்தவன் நானே. பகலில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்ததால், பள்ளிக்குக் கள்ளமென்று சிரித்து அனுப்பினார்கள். நான்காம் முறை, நோ நிற்கமுன் ஓட்டோவில் கொண்டோடினோம். அப்போதுதான் கோடு மாறித் தெரிந்தது. இதயத்தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடியிருந்தது. இதயத்தசை அழற்சி இல்லையென்று பார்த்த பிறகு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி இடைக்கிடை சுருங்கியிருக்கலாம் என்றார் வைத்தியர்.

பிள்ளைகளின் நெஞ்சுநோ பெரும்பாலும் தசை, விலா சார்ந்தது, இது அரிது. ஆனால் சுருக்கம் விட்டதும் ஈ.சி.ஜி. வழமைக்குத் திரும்பிவிடும். ஆகவே நோ உள்ளபோதே எடுக்க வேண்டும். மயக்கமும் சேர்ந்தால் உள்ளியைத் தேடாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கோண்டாவில்.