மனு நாள் போதாது: மாவட்டத்தின் மூன்று அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், இலவசச் சட்ட உதவி வழங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளராக இருக்கும் நீதிபதி அவர்களுக்கும் வணக்கம்.

மூவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தொழில்முறையிலேயே தெரியும். ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்; புதன்கிழமை காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். திங்களன்று கொடுத்த மனு காவல் துறை தொடர்பானது என்றால் கண்காணிப்பாளருக்குப் போகிறது. அவரிடமிருந்து துணைக் கண்காணிப்பாளருக்கு, அவரிடமிருந்து ஆய்வாளருக்கு, கடைசியில் எந்த நிலையத்தின் மீது குறை சொல்லப்பட்டதோ அதே நிலையத்து ரைட்டரின் மேசைக்கு. சில வாரங்களில் மனுதாரருக்குப் பதில் வருகிறது: 'இது சிவில் தன்மையுடையது, நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்.' நீதிமன்றத்துக்குப் போனால் வாய்தா. வாய்தா ஏன் என்று கேட்டால், காவல் துறை சம்மனை உரியவரிடம் சார்வு செய்யவில்லை, அதாவது கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்கிறார்கள். மனுதாரர் மறுபடியும் என்னிடம் வருகிறார். எனக்கு வருமானம்தான், ஆனாலும் சொல்கிறேன், இந்தச் சுற்று நிற்க வேண்டும்.

என் கோரிக்கை இது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தாலுகாவிலும், வருவாய்த் துறையும் காவல் துறையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ஒரே மேடையில் உட்கார்ந்து மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுந்து நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேள்வியும் பதிலும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற வேண்டும்.

மனு நாள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். என் பலகைக்கு முன்னால் வருபவர்களை நீங்கள் பார்ப்பதில்லை. ஒரே காவல் நிலையத்தைப் பற்றி, ஒரே மாதிரியான குறையை, ஒருவரையொருவர் அறியாதவர்கள் அடுத்தடுத்து வந்து சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்ததாக நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். மனு என்பது மனிதரைத் தனியாக்கி வரிசையில் நிறுத்தும் முறை. பத்துப் பேர் ஒரே இடத்தில் அதே குறையைச் சொன்னால், அதற்குப் பிறகு அது அந்தப் பத்துப் பேரின் சொந்தப் பிரச்சினையாக இருக்காது. அந்த நிலையத்தின் நடைமுறை பற்றிய கேள்வியாகிவிடும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இன்று இடமில்லை.

கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூட்டுகிறீர்கள். ஆனால் அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று சொல்லப்பட்ட 29 பொருள்களில் காவல் இல்லை. காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலம் என்றால் சென்னை. தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கிராம சபையில் கேட்கலாம். அந்த இருட்டில் சங்கிலியைப் பறித்தவனைப் பிடித்தீர்களா என்று கேட்டால், அது இந்தக் கூட்டத்தின் பொருள் இல்லை என்று உட்காரச் சொல்கிறார்கள். ஊராட்சித் தலைவர் பாவம், அவருக்கும் தெரியாது; அவரே ஏதாவது விஷயத்துக்கு நிலையத்துக்குப் போய்க் காத்திருப்பவர்தான்.

முதலில் காவல் கண்காணிப்பாளர் அவர்களிடம் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அது சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ரசீது. புகார் கொடுத்தவர் கையில் எண் எழுதிய அந்தத் தாளோடு வெளியே வருகிறார். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்புகிறார். பதிவாகவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. அதற்கும் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். 14 நாளில் முடிக்க வேண்டும். ரசீதோடு மாதக்கணக்கில் ஒருவரை அலையவிடலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

அந்த மாதங்களில் நிலையத்தில் என்ன நடக்கிறது? இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார்கள். கடன் பாக்கியா, வரப்புத் தகராறா, பேசி முடித்து எழுதி வாங்குகிறார்கள். சில சமயம் அது நல்லதாகவே முடிகிறது; இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதிவு செய்ய வேண்டிய வழக்கைப் பதியாமல், பதியக் கூடாத சிவில் தகராறில் தீர்ப்புச் சொல்வது காக்கிச் சட்டையில் நடத்தப்படும் கட்டப் பஞ்சாயத்து. பலம் குறைந்தவர் அங்கே போடும் கையெழுத்து எப்படிப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே கூட்டத்தில் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் காலாண்டில் எத்தனை சி.எஸ்.ஆர். கொடுத்தீர்கள், அவற்றில் எத்தனை முதல் தகவல் அறிக்கை ஆயிற்று, 14 நாளைத் தாண்டி நிற்பவை எத்தனை? பெயர் வேண்டாம். நிலையவாரியாக எண்ணைப் படித்தால் போதும். 90 நாளுக்குள் புலன் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரிவித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

அடுத்தது ஆட்சியர், கண்காணிப்பாளர் இருவருக்கும் பொதுவானது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாவட்டம்தோறும் ஓர் ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். அதாவது ஒரு காவலர் மீது புகார் சொன்னால் அவருடைய மேலதிகாரியே விசாரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த ஆணையம் இருக்கிறது என்பதை மக்களுக்குச் சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. என்னிடம் வருபவர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை. எத்தனை முறை கூடினீர்கள், எத்தனை புகார், என்ன முடிவு என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒருமுறைகூடக் கூடவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

மூவரும் சேர்ந்து வர வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையையும் மகனையும் நினைத்துப் பாருங்கள். நிலையத்திலிருந்து நேராக அவர்கள் மரணத்துக்குப் போய்விடவில்லை. இடையில் ஒரு மருத்துவமனை வந்தது, ஒரு நீதித்துறை நடுவர் வந்தார், ஒரு கிளைச் சிறை வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு தாள் எழுதப்பட்டது. ஒரு கையெழுத்தும் விழுந்தது. பின்னர் உயர் நீதிமன்றத்தின் உத்தரவில் விசாரிக்கப் போன இன்னொரு நடுவர், நிலையத்துக் கேமரா பதிவுகள் தினமும் தாமாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பதிவுகளை வைத்துக்கொள்ள வன்வட்டில் இடம் தாராளமாக இருந்தது. ஒரு துறையின் தவறு அடுத்த துறையின் வாசலில் நிற்காமல் போனதுதான் அங்கே நடந்தது. நம் தாலுகாக்களில் அவ்வளவு கொடியது நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு துறையின் தாளை அடுத்த துறை படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையத்தின் வாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை என எல்லா இடத்திலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. நம் மாவட்டத்து நிலையங்களில் இன்றைக்கு ஓடுகிற கேமரா எத்தனை, எத்தனை நாள் பதிவு மிஞ்சுகிறது என்பதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

நீதிமன்றத்தைப் பற்றிப் பேச மக்களுக்கு இன்னும் பெரிய பயம். அவமதிப்பு வழக்கு வந்துவிடும் என்று வக்கீல்களே பயமுறுத்துகிறார்கள். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது. விசாரணை நடப்பதும் திறந்த நீதிமன்றத்தில்தான். யாரும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். நாங்கள் கேட்க நினைப்பது தீர்ப்புகளைப் பற்றியும் அல்ல, தாமதத்தைப் பற்றி. எந்தத் தனி வழக்கையும் அங்கே எடுக்க வேண்டாம், நீதிபதிகளும் மேடைக்கு வர வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் நீதித்துறையைச் சேர்ந்தவர், மக்களோடு பேசுவது அவருடைய அன்றாட வேலை. அவர் சொல்லலாம்: இந்தத் தாலுகா நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டைத் தாண்டிய வழக்குகள் எத்தனை, நீதிபதி இல்லாமல் இருக்கும் நீதிமன்றம் எது, அரசு வழக்கறிஞர் நியமிக்கப்படாமல் இருக்கும் இடம் எது. வழக்குகளின் வயதுக் கணக்கு தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் ஏற்கெனவே எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. நாடு முழுவதும் மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருப்பதை அது காட்டுகிறது. தாமதத்துக்கான காரணங்களையும் சில பொதுவான தலைப்புகளில் அது சொல்கிறது; ஆனால் எந்தத் துறையிடம் வேலை நிற்கிறது என்பதை அது முழுதாகச் சொல்லிவிடாது. சாட்சியான காவலர் மாறுதலாகிப் போய்விட்டாரா, தடயவியல் அறிக்கை வரவில்லையா, சர்வேயர் அளந்து அறிக்கை கொடுக்கவில்லையா? மூன்று துறையும் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் ஒன்றின் தாமதத்துக்கு மற்றொன்று சாட்சி சொல்லும். அதனால்தான் உட்கார மறுக்கிறீர்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

இலவசச் சட்ட உதவி பற்றியும் அங்கேயே சொல்லிவிடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் யாருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலையத்துச் சுவரில் மங்கிப்போன போஸ்டராக அது தொங்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

இப்படி ஒரு கூட்டம் முன்னெப்போதும் நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. திருவிழாவில் தேர் எந்தத் தெருவில் போவது என்று தகராறு வந்தால் தாசில்தாரும் துணைக் கண்காணிப்பாளரும் இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாதானக் கூட்டம் போடுகிறீர்களே. ஊர் இரண்டுபடும் நிலை வந்த பிறகு உட்கார முடிகிறது. வருவதற்கு முன்னால் உட்கார முடியாதா? ஜமாபந்தியில் வருவாய்த் துறை ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் கணக்கைத் திறந்து வைக்கிறது. காவல் துறைக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

கூட்டம் சாதிச் சண்டையாக மாறும், கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், காவலரைப் பேர் சொல்லித் திட்டுவார்கள் என்பீர்கள். பயம் நியாயமானதுதான். தனி ஆளின் பெயரையும் நடப்பு வழக்கையும் எடுக்கக் கூடாது என்று விதி வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றிய பேச்சே வரக் கூடாது. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அந்தக் கேள்விகளை வடிகட்டும் வேலையை நிலைய அதிகாரியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு பார்க்கட்டும். காவலர்களுக்கும் அந்த மேடையில் சொல்ல நிறைய இருக்கும். 2021இல் அறிவித்த வார ஓய்வு எத்தனை பேருக்கு ஒழுங்காகக் கிடைக்கிறது, பந்தோபஸ்துக்கு ஆளை அனுப்பிவிட்டு இரவு ரோந்துக்கு எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதை ஊர் ஒருமுறை கேட்கட்டும். ஆள் இல்லாத நிலையத்திடம் வேலை எதிர்பார்ப்பது தவறு என்று ஊரே சென்னைக்கு எழுதும். இன்று அந்தக் காவலருக்காகப் பேச யாரும் இல்லை.

வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்மொழியச் சில ஊராட்சிகளில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான், கூலி வாங்கவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அதை வாங்கி வாங்கி எங்கள் ஊர்ப் பீரோக்களில் இடமில்லை. நடத்துகிறோம் என்றால் தேதியையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். முடியாது என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதைப் பிரிவு எண்ணோடு எழுதி, மூவரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவன்