செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், செம்பூர், தாராவி, சயான், முலுண்ட் என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு, ரத்ததான முகாம் மூன்றும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழு அதிகம் பேசியது நம் இணையதளத்திலிருந்து போகும் மின்னஞ்சல்களைப் பற்றி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விழா அழைப்பு பல வருடங்களாக ஒரே போஸ்டர் படமாகப் போய்க்கொண்டிருந்தது. நாள், நேரம், மண்டபம் எல்லாம் படத்துக்குள். படங்களைத் தானாக இறக்காத அவுட்லுக்கில் பார்ப்பவர்களுக்கு வெற்றுக் கட்டம்தான் தெரியும். பார்வையற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் திரைவாசிப்பான் வைத்து அஞ்சலைக் கேட்பவர். “மண்டபம் எதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே தம்பி” என்று போனில் சொன்னார். அவர் கேட்டது முழுக்க நியாயம். சந்தா கட்டியவருக்கு அழைப்பே புரியாமல் போகக் கூடாது.

ஆகவே ஆடி மாதத்திலிருந்து அழைப்பு, ரசீது, செய்திமடல் எல்லாமே எச்டிஎம்எல் (படம், நிறம், பட்டன் எல்லாம் காட்டும் வலைப்பக்க வடிவம்), வெறும் எழுத்து என இரண்டு வடிவத்திலும் ஒரே அஞ்சலாகப் போகின்றன. இது புது வித்தை இல்லை. மின்னஞ்சலை எப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லும் மைம் தரத்தில் 1992-இலேயே வந்துவிட்டது. வரிசைதான் முக்கியம்: வெறும் எழுத்து முதலில், எச்டிஎம்எல் பின்னால். பெறுகிற செயலி தனக்குக் காட்டத் தெரிந்தவற்றில் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். மாற்றி வைத்தால் நல்ல போனிலும் வெறும் எழுத்தே வரக்கூடும். நம் தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடுகிறது. அதில் அஞ்சல் அனுப்பும் பிஎச்பிமெயிலரில் எழுத்து வடிவத்துக்கென்றே தனி இடம் இருப்பதால் சங்கத்துக்குச் செலவு இல்லை.

எழுத்து வடிவத்தை எச்டிஎம்எல்லிலிருந்து நிரலே உருவாக்கட்டுமே என்று சிலர் சொன்னார்கள். சரி என்று செய்து பார்த்தோம். “இங்கே சொடுக்கவும்” என்ற வரி வந்தது, சொடுக்க வேண்டிய முகவரி வரவில்லை. சந்தா ரசீதில் அட்டவணை கலைந்து, ரசீது எண்ணும் தொகையும் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய எண்ணாக நின்றன. பணம் சம்பந்தப்பட்ட அஞ்சலில் இதை விடவே முடியாது. இப்போது எழுத்து வடிவத்தைக் கையாலேயே எழுதுகிறோம்: ஒரு வரிக்கு ஒரு செய்தி, லிங்க் தனி வரியில் முழுதாக.

தமிழுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கணினி எழுத்துகளைப் பதிந்துவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும்; ‘க’வுக்கு 3, ‘கி’க்கு 6. அதனால் தமிழ் அஞ்சல் சீக்கிரம் பெருத்துவிடும். சுமார் 102 கேபியைத் தாண்டிய அஞ்சலை ஜிமெயில் வெட்டி, மீதிக்கு ஒரு லிங்க் மட்டும் தரும். செய்திமடலின் அடியில் இருந்த சந்தா பட்டன் அப்படித்தான் பலர் கண்ணில் படாமல் போனது. பட்டனை மேலே ஏற்றி, மடலையும் சுருக்கிவிட்டோம்.

எச்டிஎம்எல் மட்டும் உள்ள அஞ்சலை ஸ்பேம்அசாசின் போன்ற குப்பை அஞ்சல் வடிகட்டிகள் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்கும். அந்தத் தொல்லை இனி இல்லை. ஆனால் இது மட்டும் போதாது. ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவரும், அஞ்சல் உண்மையில் அந்தத் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் விதி. நாம் இரண்டையும் போட்டாயிற்று.

கடவுச்சொல் மாற்றும் அஞ்சல் மட்டும் இன்னும் பழையபடி போகிறது. அடுத்த செயற்குழுவில் முதல் வேலை அதுதான். அனுப்புமுன் ஒவ்வொரு அஞ்சல் மாதிரியையும் திரைவாசிப்பானில் கேட்டுப் பார்க்க அந்த மூத்த உறுப்பினர் இசைந்திருக்கிறார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்